மாதிரி எண் ஏழு

சிம்மக்கல்லில் ஒரு டி.டி.பி. கடை.
நாளை மாலைக்குள் மூன்று பிரதி,
கறுப்பு ரெக்சின் அட்டை, பொன் எழுத்து.
ரெஜினா தட்டச்சு செய்த பக்கங்களில்
தொல்லுயிரியல் எல்லாம்
தொல்லையிரியல் ஆகியிருக்கிறது,
நாற்பத்தோரு இடங்களில்.
திருத்தச் சொன்னால்
"ரெண்டும் ஒண்ணுதானக்கா" என்கிறாள்.
ஐந்து மாதத்தில் இந்த ஆய்வேட்டைப் பற்றி
யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

உள்ளூரிலேயே ஏதாவது எடுக்கலாமே,
பஸ் காசு மிச்சம் என்றார் கைடு, முதல் நாளே.
உள்ளூரில் ஒன்றும் இல்லை மேடம்.
ஒத்தக்கடைப் பக்கம் அந்த மலை
தும்பிக்கையை நீட்டி அத்தனை பெரிதாகப் படுத்திருக்கிறது,
அறுத்துப் பார்த்தால் உள்ளே
ஒரு நத்தையின் முதுகுகூட இருக்காது.
மேலூர்க் குவாரியில் பளபளவென்று இழைத்த பலகையில்
கறுப்பும் வெள்ளையும் நெளியும்,
யாருடைய விலாவும் அல்ல.
பூமியின் வயிற்றில் வெந்து வெந்து
முகம் மறந்த பாறை.
ஓடு, எலும்பு என்பதெல்லாம்
உலகத்துக்குப் பழகுமுன்னே
இறுகத் தொடங்கிவிட்ட ஊர் இது.

அதனால் அரியலூர். திருச்சியில் மாறி.
கல்லங்குறிச்சியில்
சுண்ணாம்புக்கல் சுரங்கத்து விளிம்பில்
குனிந்த இடமெல்லாம் சிப்பி,
கொக்கியாய் வளைந்தது, உள்ளங்கைக்குள் அடங்காதது.
ஏழு கோடி வருடத்துக்கு முன் அங்கே கடல்.
லாரிகள் அந்தக் கடலை
டன் கணக்கில் ஏற்றிக்கொண்டிருந்தன.
"சீக்கிரம் பொறுக்கும்மா, மூணு மணிக்கு வெடி"
என்றார் வாட்ச்மேன்.
பன்னிரண்டு பொறுக்கினேன்.
ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை மையில் எண்.

வில்லாபுரம் வந்து பிரித்தபோது பன்னிரண்டும் இருந்தன,
அளந்தபோதும் இருந்தன,
படம் எடுக்கும் நாளில் ஏழாம் எண்ணைக் காணவில்லை.
பீரோவுக்கு அடியில், அரிசி டிரம்முக்குப் பின்னால்,
தம்பியின் கிரிக்கெட் பையில்,
இரண்டு நாள்.

குழாயடியில் இருந்தது.
அம்மாவின் கையில்.
வேலை முடிந்து வந்தவள்
குதிகாலில் காய்ந்த சிமென்ட்டை
அதை வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.
"நல்ல கல்லுடி, பிடிக்கத் தோதா இருக்கு."

கத்தத்தான் வாயைத் திறந்தேன்.
வாசலில் மிதியடியாகக் கிடக்கும் சாக்கு
கண்ணில் பட்டது.
சிமென்ட் மூட்டை. நீல எழுத்து.
கீழே பொடியாக: அரியலூர்.
மூன்று வருடமாக அதில் கால் துடைத்துவிட்டுத்தான்
கல்லூரிக்குப் போய்வருகிறேன்.
அவனியாபுரத்தில் நாலு மாடிக்கு
அம்மா தலையில் ஏறியது,
முடியில் சாம்பலாய்ப் படிந்தது,
நகக்கண்ணில் புண்ணாய் அரித்தது,
எங்கள் வீட்டு வாடகையானது,
என் செமஸ்டர் ஃபீஸும்.

சிப்பியை வைத்துச் சிப்பியைச் சுரண்டுகிறாள்.
சூளையில் வெந்தது ஒன்று.
வேகாமல் என்னோடு பஸ்ஸில் வந்தது ஒன்று.

சொல்லவில்லை.
சொன்னால் கல்லைக் கீழே வைத்துவிடுவாள்.
இரண்டு குதிகாலும் முடியும்வரை
பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ஆய்வகத்தில் மறுபடி நிறுத்தேன்.
அட்டவணையில் இருநூற்றுப் பன்னிரண்டு கிராம்.
தராசில் இருநூற்றுப் பதினைந்து.
தேயவில்லை, கூடியிருக்கிறது.
வளைவின் உட்புறம் சாம்பல் நிறத்தில் ஒரு பொருக்கு.
ஊசியால் நெம்பிப் பார்த்தேன், வரவில்லை.
விட்டுவிட்டேன்.

எழுபத்திரண்டாம் பக்கம், அடிக்குறிப்பு,
ரெஜினா சத்தமாகப் படித்தபடி அடிக்கிறாள்:
மாதிரி எண் ஏழில் காணும் மூன்று கிராம் மிகை
பிற்காலப் படிவு.
கை நிற்கிறது.
"எவ்வளவு பிற்காலம்க்கா?
எல்லாத்துக்கும் கோடி போட்டிருக்கீங்க,
இதுக்கு மட்டும் போடல."

போன செவ்வாய்க்கிழமை, என்கிறேன்.