இருநூறு சொற்கள்

காற்பந்துக் குழுவின் வரலாறு
இருநூறு சொற்களில் வேண்டுமாம், வெள்ளிக்கிழமைக்குள்.
இரண்டு பள்ளிகளை ஒன்றாக்கிய புதுக் கட்டடத்தில்
மரபுடைமை மூலை என்று ஒன்று;
தீயணைப்புக் குழாய்க்கும் குடிநீர்த் தொட்டிக்கும் நடுவே
ஒரு பலகைக்கு இடமிருக்கிறது.
துணை முதல்வர் கையை விரித்து அளந்து காட்டினார்.

பதிவேடுகள் நான்கு. ஒன்றைக் கறையான் படித்து முடித்துவிட்டது.

கெருயிங் சாலை உயர்நிலைப்பள்ளி, தோ பாயோ.
எழுபத்திரண்டில் முதல் ஆட்டம்:
பதினொரு பேர், ஒன்பது சோடிக் காலணி.
பதினொரு கோல் வாங்கினோம், ஒன்றும் திருப்பித் தரவில்லை.
ஓரத்தில் பயிற்றுநர் டி குரூஸின் பென்சில்:
'மழை இல்லை. வெயில் இல்லை. சாக்கும் இல்லை.'

எண்பத்து மூன்றில் திடலின் பாதியைத் தகரத்தால் அடைத்தார்கள்,
எம்ஆர்டிக்குத் தோண்ட.
மிச்சமிருந்த பாதியில்
பந்தைத் தூக்கியடித்தால் புல்டோசரில் விழும்,
ஆகவே தரையோடு தரையாய்
பக்கத்தில் நிற்பவனுக்கே கொடுத்துப் பழகினார்கள்.
அந்த ஆண்டுதான் கிண்ணம்.
திடலை முழுதாய்த் திருப்பித் தந்தபின்
கிண்ணம் வரவேயில்லை.

தொண்ணூற்றேழில் புகைமூட்டம்:
'பயிற்சி இல்லை', அடுத்த வரியில் அதேபோல் என்று
இரண்டு புள்ளி, இரண்டு புள்ளி, பக்கம் முடியும்வரை.
சார்ஸ் ஆண்டில் கோல் எழுதும் கட்டத்தில்
உடல்வெப்பம் எழுதியிருக்கிறார்கள்:
ரோஸ்லான் 36.7
தியோ கிம் செங் 36.4
எப்படிப் பார்த்தாலும் ரோஸ்லான்தான் வெற்றி.

எண்பத்தெட்டு முதல் தொண்ணூற்றொன்று வரை
கையெழுத்து என்னுடையது.
மாணவிகளுக்குக் குழு கிடையாது.
பேனா உண்டு.

தொண்ணூற்றொன்று, வட்டார இறுதியாட்டம்.
ஒன்றுக்கு ஒன்று.
மின்னல் என்று நடுவர் நிறுத்திவிட,
நாற்பது நிமிடம் படிக்கட்டின் கீழ் ஒண்டினோம்,
பொட்டலத்தில் ஆறிப்போன பரோட்டாவோடு.
மறுபடி இறங்கியபோது புல் முழுக்கத் தண்ணீர்.
மாசிலாமணி, தற்காப்பு, எண் நான்கு,
கோல்காவலன் ஹம்டானுக்குப் பின்னால் தட்டினான்.
ஹம்டான் வழுக்கினான்.
பந்து அவசரப்படவில்லை;
சாப்பாட்டுக் கடை வரிசையில் நிற்பவர்போல
நகர்ந்து நகர்ந்து
கோட்டைத் தாண்டி நின்றது.

மாசிலாமணி சட்டைக் காலரை மூக்குவரை இழுத்து
அதற்குள்ளேயே இருந்தான்.
நான் எழுதினேன்:
'கோல் அடித்தவர்: எதிரணி, எண் ஒன்பது.'
எண் ஒன்பது அப்போது
மறுகோடியில் குனிந்து காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

இருநூறு பேர் பார்த்தது.
பதிவேட்டை யாரும் பார்க்கவில்லை, இத்தனை வருடம்.
இப்போது அதே வரி தட்டச்சாகி, அழகான எழுத்துருவில்,
'சரிபார்க்கப்பட்டது' என்பதற்குப் பக்கத்தில்
என் கையொப்பத்துக்குக் காத்திருக்கிறது.

நேற்றிரவு தொலைபேசினேன்.
குளிர்சாதனம் பழுதுபார்க்கும் வேலை அவனுக்கு;
ஏதோ ஒரு புளோக்கின் பன்னிரண்டாம் மாடியில்
ஏணிமேல் நின்றபடி பேசினான்.
சொன்னேன்.
கொஞ்ச நேரம் காற்று மட்டும் கேட்டது.
பிறகு சிரித்தான்.

"என் பேரையே போடு லா.
மூணு வருஷம் நான் தடுத்ததை எல்லாம்
எந்தக் கட்டத்தில எழுதினே நீ?
தடுத்ததுக்குக் கட்டமே இல்ல.
உள்ள போனதாவது இருக்கட்டும்."

அதற்குள் யாரோ கீழிருந்து திருப்புளி கேட்டார்கள்,
வைத்துவிட்டான்.

எதிரணி, எண் ஒன்பதை அடித்தேன்.
மாசிலாமணி, சொந்த கோல், அறுபத்தெட்டாம் நிமிடம்.
இருநூற்று இரண்டு ஆகிவிட்டது.
முதல் வாக்கியத்துக்குப் போய்
'புகழ்மிக்க'வை எடுத்தேன்.
இன்னும் ஒன்று எடுக்க வேண்டும்.