கீழ்ப்பல்

த போய்விட்டால் தென்காசி
என் காசி ஆகிவிடும்.
வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் பயல்கள் கேட்டார்களாம்,
‘ஒங் காச எவன் எடுத்தாம் வே?’
அதைச் சொல்லிக்கொண்டேதான் நாற்காலியில் சாய்ந்தார்
உச்சிமாகாளி. வயது ஐம்பத்தெட்டு.
செங்கோட்டை வண்டிக்கு ஆள் கூப்பிடுகிறவர்.
மிச்சமிருந்த நாலையும் ஆடியிலேயே எடுத்திருந்தேன்.
புரட்டாசிக்குள் ஈறு ஆறி
குறுக்குத்துறைப் படிபோல் வழவழத்துக் கிடந்தது.

முதல் அளவு.
பொடியில் தண்ணீர் விட்டுக் குழப்பி
ட்ரேயில் அப்பி உள்ளே வைத்தால்
ரெண்டு நிமிஷம் அசையக் கூடாது.
மூக்கால மூச்சு விடுங்க என்கிறேன்,
கண்ணில் நீர் முட்ட என் கோட்டைப் பிடிக்கிறார்,
கால் பெருவிரலால் எதையோ எண்ணுகிறார்.
எத்தனை ஸ்டாப் ஆச்சுன்னு பாத்தேன் என்றார் பிறகு,
வாயைக் கொப்பளித்துவிட்டு.

அந்த அச்சில் மஞ்சள் கல்மாவு ஊற்றி
அதன்மேல் அவருக்கென்றே ஒரு ட்ரே செய்து
பச்சைக் குச்சியை விளக்கில் உருக்கி ஓரம் கட்டினேன்.
உதட்டை இழு. கன்னத்தை உறிஞ்சு. நாக்கை நீட்டு.
சதை எதுவரை வருமோ
அதுவரைதான் பல்செட்டுக்குப் பாத்தியம்.
வேலி நான் போட்டது.
தப்பும் அங்கேதான்; அது அப்போது தெரியவில்லை.

மெழுகுக் கட்டை வைத்த அன்று
மூக்கு நுனியில் ஒரு புள்ளி, நாடியில் ஒரு புள்ளி.
‘அம்மா’ சொல்லுங்க.
சொல்லி முடித்து உதடு சும்மா சேரும் இடத்தில்
ஸ்கேலை வைப்போம்,
ரெண்டு மூணு மில்லிமீட்டர் கழித்தால் கடி.
‘அம்மா, எங்க போணும்?’ என்றார் அவர்.
புள்ளி நகர்ந்துவிட்டது.
திரும்ப அளந்தேன்.

நிற அட்டையில் இருப்பதிலேயே வெள்ளையாகத்
தொட்டது அவர் விரல்.
ஆவுடைத்தாய் அந்த விரலைப் பிடித்து
பழுப்புக்கு நகர்த்தினாள்.
‘முப்பது வருசம் வெத்தல போட்ட வாயி.
கொஞ்சம் நம்புத மாதிரி இருக்கட்டும்.’

வண்ணார்பேட்டை லேபிலிருந்து
மெழுகில் நட்ட பற்கள் வந்தன.
அறுபத்தாறு, எழுபத்தேழு சொல்லச் சொல்வேன் எல்லாரையும்.
இவர் பேட்டை, மாறாந்தை, ஆலங்குளம் என்று தொடங்கி
பாவூர்சத்திரத்தில் நின்று, நாக்கை மேல்பல்லில் தொட்டு
மெல்ல, பாங்கில் கையெழுத்துப் போடுகிறவர்போல்,
தென்காசி என்றார்.
வந்துவிட்டது த.
செங்கோட்டையில் மட்டும் லேசாக ஒரு சீட்டி.
‘அது கெடக்கட்டும். கண்டக்டருக்கு ஒரு விசில் மிச்சம்.’

பிறகு கொதிநீரில் மெழுகு போயிற்று,
அது இருந்த இடத்தில் ரோஸ் மாவு வெந்து கல்லாயிற்று.
மாட்டி அனுப்பினேன்: ரெண்டு நாள் கஞ்சி,
ராத்திரி கழற்றித் தண்ணீரில் போடணும்,
புண் வந்தால் நீங்களே அரம் போடாதீங்க.

அஞ்சாம் நாள் வந்து நின்றார்.
‘திங்கேன். பேசுதேன். ஒரு கொறயும் இல்ல.
கூப்புட்டாத்தான், கீழ்ப்பல்லு எந்திச்சு நிக்கு.’

என் அறையில் எல்லாரும் மெல்லத்தான் பேசுகிறார்கள்.
வாயை நான் அளந்ததும் மெல்லப் பேசுகிற வாயாகத்தான்.
இங்கயே கூப்புடுங்க என்றேன்.
‘கதவச் சாத்தட்டா?’
வேண்டாம்.
ஒரு கையைக் கன்னத்தில் அணை கொடுத்து

ஆலங்கொளம் பாவூர்சத்ரம்
தென்காசி தென்காசி செங்கோட்டேய்ய்

கீழ் உதட்டின் நடு நரம்பு சுண்டியது,
பல்செட் ஒரு கதவுபோல் எழும்பியது. பார்த்துவிட்டேன்.
அந்த இடத்தில் நகக்கண் அளவு தேய்த்தேன்.
கூப்புடுங்க. இன்னும் கொஞ்சம். கூப்புடுங்க.
ஏப்ரனில் ரோஸ் தூள்.
மூன்றாம் தடவை, செங்கோட்டை முடியும்வரை
அசையாமல் உட்கார்ந்திருந்தது கீழ்ப்பல்.

வெளியே பெஞ்சில்,
கன்னம் வீங்கிய ஒரு பெண்
பையைத் தோளில் போட்டுக்கொண்டு பாதி எழுந்து
டோக்கன் கொடுக்கும் பிள்ளையிடம் கேட்கிறாள்:
‘ஆலங்குளம் நிப்பானா? உக்கார எடம் இருக்கா?’