அடைக்கும் நேரம்

முட்டத்தில்
கலங்கரை விளக்கிலிருந்து இறங்கும் சரிவில்
மூன்றாவது வீடு என்னுடையது.
நான்கு தகரம், ஒரு கொக்கி, ஒரு மோட்டார்.
கதவில் சுண்ணாம்பால் எழுதியிருக்கிறேன்:
நல்ல தண்ணீர். வாளி இருபது.
பிள்ளைகளுக்குப் பத்து.

கடலில் குளித்தவர்கள்
கடலைக் கழுவ என்னிடம் வருகிறார்கள்.
ஈரோட்டு மாப்பிள்ளை, மணமாகி ஆறே நாள்,
சட்டைப்பையில் நனைந்த ஐந்நூறு ரூபாய்.
வேனில் வந்த பதினோரு நர்சுகள்,
ஒருத்தி குளித்தால் பத்துப்பேர் கதவைத் தட்டுவார்கள்.
பாறையில் நின்று படம் எடுக்கையில்
அலை அடித்துக் கண்ணாடியைப் பறிகொடுத்த ஒரு வாத்தியார்
நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று தெரியாமல்
கொடியில் காயும் பாவாடையிடம் விலை கேட்டார்.

என்ன அழகு, என்ன அழகு என்கிறார்கள்.
ஆமாம் என்கிறேன். பொய்யில்லையே.
அந்தி வெயிலில் பாறைகள்
எண்ணெய் தேய்த்த எருமைகளாய்த்
தண்ணீரில் கிடக்கும்.
எனக்கும்தான் பிடிக்கும்,
மதியம் மூன்றரைக்கு, கூட்டம் வருமுன்.

அவர்கள் காலோடு வரும் மணல்
என் முற்றத்தில் தங்கிவிடுகிறது.
அந்தப் பக்கம் கரையைக் கடல் தின்னத் தின்ன
வெளியூர்க்காரர் விரலிடுக்கில்
கொஞ்சம் கொஞ்சமாக எனக்கு வந்து சேர்கிறது.
போன கிறிஸ்துமஸ் லீவில் மட்டும் மூன்று சட்டி.
குடிலுக்கு அதையே விரித்தோம்,
ஒட்டகங்கள் அதன்மேல்தான் நின்றன.

சனிக்கிழமை ஒரு சிறுமி.
தலையில் துவர்த்து, உதடு நீலம்.
பாதி வாளியைத் தானே மோந்து ஊற்றிக்கொண்டு கேட்டாள்:
"அக்கா, கடலை எத்தனை மணிக்கு மூடுவீங்க?"

கோயம்புத்தூர். அங்கே
எல்லாவற்றுக்கும் ஒரு மணி இருக்கும்போல,
பார்க்குக்கு, நீச்சல்குளத்துக்கு.
நானும் விளையாட்டாக
"ஆறரைக்கு அடைப்போம்" என்றுவிட்டேன்.

போகமாட்டேன் என்றாள்.
அடைக்கிறதைப் பார்க்கணுமாம்.
அப்பன் வண்டிச் சாவியை ஆட்டினான்.
அம்மா, கடலை வாங்கித் தருகிறேன் வா என்றாள்.
"அதெப்படி வாங்குவீங்க?"

ஆறு இருபத்தைந்து.
என்ன செய்ய?
மோட்டாரை நிறுத்தினேன்.
வாளிகளைக் கவிழ்த்தேன்.
தகரக் கதவில் கொக்கியை மாட்டினேன்.
அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
அதுவோ என் மானத்தை வாங்கவென்றே
பாறைக்கு மேலே எழும்பி எழும்பி
அடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மேலே விளக்குச் சுற்றத் தொடங்கியது.
வெளிச்சம் ஒரு தாழ்ப்பாளாய் நீண்டு
கடலுக்குக் குறுக்கே விழுந்தது.
"ஆச்சு" என்றேன்.
தலையாட்டினாள்.
வண்டியில் ஏறுமுன் திரும்பி,
"காலையில யாரு திறப்பாங்க?"
நான் வாய் திறக்குமுன்
கார்க் கண்ணாடி ஏறிவிட்டது.

இரண்டே கால் இருக்கும்.
நசரேன் எழுந்து
இருட்டிலேயே பழங்கஞ்சியைக் குடிக்கிறான்.
மண்ணெண்ணெய்க் கன்னாசைத் தோளில் ஏற்றுகிறான்.
கச்சான் அடங்கி மூன்று நாள்,
இன்றைக்கு நெத்திலி கிடைக்கும் என்கிறான்,
எனக்கா கன்னாசுக்கா தெரியவில்லை.
கால் தட்டி என் வாளி ஒன்று
சரிவில் கடகடவென்று உருள்கிறது.

"மெல்லப் போ, அடைச்சுல்லா கிடக்கு"
என்கிறேன் தூக்கத்தில்.
"எது?"
கேட்டானே தவிர நிற்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கீழே
நாலைந்துபேர் சேர்ந்து தள்ள
வள்ளம் மணலில் உரசும் சத்தம்,
எண்ணெய் போடாத கீல் மாதிரி.