பருப்பில் சர்க்கரை

காட்பாடியில் அன்றைக்கு ஹௌரா வண்டி மூன்று மணி தாமதம்.
பாபு ராவ் தெருவில் எங்கள் லாட்ஜில் மட்டும்
விளக்கு எரிந்தது.
ஒரே ஆட்டோவில் இரண்டு குடும்பங்கள் வந்து இறங்கின,
ஒரே மொழியில்
டிரைவரைத் திட்டிக்கொண்டு.

நிர்மலேந்து கோஷாலிடம் ஆதார் நகல் வாங்கி
ஏழாம் நம்பர் சாவியைக் கொடுத்தேன்.
ஷம்சுன் நாகரிடம்
பாஸ்போர்ட், விசா, நான்கு புகைப்படம்,
எல்லை தாண்டிய இடம், தாண்டிய தேதி,
திரும்பும் தேதி
(அது அவள் புருஷனின் சிறுநீரகத்துக்குத்தான் தெரியும்)
எல்லாம் கேட்டு சி படிவம் நிரப்ப
முக்கால் மணி நேரம்.
கோஷால் மாடிக்குப் போகவில்லை.
வால்வு பழுதான இதயத்தோடு
பெட்டிமேல் உட்கார்ந்து காத்திருந்தார்.

அவருக்குக் கிருஷ்ணாநகர், அவளுக்குக் குஷ்டியா.
நாற்பத்தேழு வரை இரண்டும்
நதியா ஜில்லா என்றார்.
"ஒரே கலெக்டர். ஒரே கோர்ட்."

ஜில்லா உடைவது எனக்கும் தெரியும்.
வாலாஜாவில் என் வீடு ஓரடி நகரவில்லை,
ஒரு நவம்பரில் ராணிப்பேட்டை மாவட்டம் ஆயிற்று.
பழைய கிரயப் பத்திரத்தை எடுத்தால்
சித்தூர்கூட வட ஆற்காடுதான்.
யாரும் அழவில்லை, ஜெராக்ஸ் கடைக்காரருக்கு லாபம்.
ஆனால் ஆற்காட்டுக்குப் பஸ் ஏற
என்னிடம் யாரும் புகைப்படம் கேட்பதில்லை.
ஆகவே எனக்குத் தெரியும் என்பது
பாதிப் பொய்.

மாடியில் ஒரே சமையலறை.
அடுப்பு வாடகை நாளுக்கு நாற்பது.
"எதற்கு இரண்டு?" என்றார் கோஷால்.
சைதாப்பேட்டை மார்க்கெட்டில் ஒரு ரோகு மீன்,
தலை இவர்களுக்கு, வால் அவர்களுக்கு,
நடுத்துண்டு பேச்சுவார்த்தைக்கு.

ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குப் போய் வந்தார்.
கண்டி ராஜாவை அடைத்த இடம், திப்புவின் பிள்ளைகளை அடைத்த இடம்
எல்லாம் பார்த்தாராம்.
"எவ்வளவு பெரிய தேசமாக இருந்தோம்!" என்றார்.
ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் ஊரை நாங்களே கேலி செய்வோம்.
இருந்த ராஜாக்களும் கைதிகள்தான்
என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன்.
ஒரே ஆட்சி என்று அவர் சொல்வது
ஒரே சாவிக்கொத்தை.
முப்பத்திரண்டு சாவி என் மேஜையில் தொங்குகிறது,
அதனால் முப்பத்திரண்டு அறையும்
ஒரு குடும்பம் ஆகிவிடாது.

அன்றிரவு ஜெர்மனியைப் பற்றிப் பேசினார்,
சுவர் இடித்ததை.
"ஒருநாள் நாமும்."
ஷம்சுன் நாகர் செதில் சுரண்டிக்கொண்டே கேட்டாள்:
"யார் வீட்டுக்கு யார் வருவது, தாதா?"
அவர் நீளமாகப் பதில் சொன்னார்.
என் பெங்காலி வாடகைக் கணக்கு வரைதான்.
அவள் சிரிக்கவில்லை என்பது மட்டும் புரிந்தது.

பன்னிரண்டாம் நாள்
கோஷாலின் மனைவி பிரதிமா
பருப்பில் சர்க்கரை போட்டாள்.
ஒரு ஸ்பூன். அவர்கள் பக்கத்து வழக்கமாம்.
அப்படிப் போடுகிறவர்களைக் குஷ்டியாவில்
என்ன சொல்வார்களோ
அதை ஷம்சுன் நாகர் சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் ஒருவர் பின் ஒருவராக இறங்கி வந்து
இன்னொரு அடுப்பு இருக்கிறதா என்றார்கள்.
இருந்தது.
சிலிண்டர்தான் ஒன்று.
அதிலிருந்து இரண்டு குழாய் இழுத்தேன்.

மொதாலெபுக்கு ஆபரேஷன் தேதி
திடீரென்று முன்னால் வந்தது.
அடுப்பில் வைத்தது வைத்தபடி
அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.
மீட்டர் பார்க்க மாடிக்குப் போனபோது
பிரதிமா அந்தப் பருப்பின் முன் நின்றிருந்தாள்.
தீயைக் குறைத்தாள். உப்புப் பார்த்தாள்.
கை சர்க்கரை டப்பா வரை போய்த்
திரும்பி வந்தது.
கிண்டிவிட்டு, மூடி வைத்தாள்.

வாடகை நோட்டில் அன்றைக்கும்
அடுப்பு இரண்டு
என்றுதான் எழுதினேன்.