பதினோரு நிமிடம்: ஒரு திருத்தம்

பாலப்பள்ளம் ரசலையன் அவர்களுக்கு,
உங்கள் இன்லண்ட் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது.
மடிப்புக்குள்ளும் எழுதி, ஓரத்தில் செங்குத்தாகவும் எழுதி,
முகவரிக்குக் கீழே மிச்சமிருந்த விரற்கடையில்
"பதில் போடுவீரா மாட்டீரா" என்று முடித்திருந்தீர்கள்.

போடுகிறேன்.

தக்கலையில், ரப்பர் ஷீட் கடைக்கு மேல்மாடி.
புளித்த வாடை படியேறி வரும் அறை.
ஒரு வரைபடம், ஒரு மேசைவிளக்கு, நான்.
பனியை நான் தொட்டதில்லை,
குளிர்பெட்டியைச் சுரண்டும்போது நகத்தில் ஏறியது தவிர.
இதைச் சொல்லித்தான் மற்றவர்களும் ஏசினார்கள்.
இரணியல்காரர் ஒருவர் தேசத்துரோகி என்றார்,
குலசேகரத்திலிருந்து ஒருவர் துப்பாக்கிக்குத் துதிபாடி என்றார்.
இரண்டும் ஒரே கட்டுரைக்கு.
இரண்டையும் ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறேன்,
தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும்.

நீங்கள் ஏசவில்லை.
எண்ணில் கை வைத்தீர்கள்.

"சுற்றிவளைத்த பின்னும் பதினோரு நிமிடத் தயக்கம்.
அதற்குள் ஒருவன் பின்புறமாகத் தப்பினான்."
எழுதியது நான்தான்.
எடுத்தது ஓர் அறிக்கையிலிருந்து.
அறிக்கை எடுத்தது வயர்லெஸ் நேரக்குறிப்பிலிருந்து.
குறித்தவருக்கு அன்று காய்ச்சல் என்பது
நீங்கள் எழுதித்தான் தெரியும்.

"தயக்கம் இல்ல ஓய்.
வீட்டுக்குள்ள குக்கர் விசிலடிச்சுது.
துப்பாக்கி வச்சிருக்கவன் சோறு வைக்கமாட்டான்னு
நான் சொல்லல, வைப்பான்.
ஆனா ரெண்டாவது விசிலுக்கு ஒரு கொச்சுபிள்ள சிரிச்சுது.
மூணாவதுக்கு அது எண்ணிச்சு, அதுக்க பாஷையில.
எங்க ஏழு பேருக்கும் கேட்டுது.
ஒமக்க அறிக்கைக்குக் கேக்கல."

அன்றிரவு எங்கள் வீட்டுக் குக்கரை நேரம் பார்த்தேன்.
முதல் விசிலிலிருந்து மூன்றாவதுக்கு
நாலே கால் நிமிடம்.
"அரிசியைப் பொறுத்து, தீயைப் பொறுத்து" என்றாள் மனைவி,
எதற்கென்று கேட்காமல்.
மிச்ச நிமிடங்களில் என்ன செய்தீர்கள் என்று
கேட்கப் பேனாவை எடுத்தேன்.
வைத்தேன்.
இதோ மறுபடி எடுத்திருக்கிறேன், என் தொழில் இது.

வரும் இதழில், முப்பத்துநாலாம் பக்கத்தில்,
பஞ்சாங்கத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் வரும்:
'தயக்கம்' என்பதைக் 'காத்திருப்பு' என்று வாசிக்கவும்.
அவ்வளவுதான் இடம் தந்தார்கள்.

ஆனால் ஐந்தாம் பத்தி அப்படியே நிற்கும்.
பெயர் ஒன்றாயிருந்ததற்காகப் பிடித்துப்போய்
ஆறாம் நாள் செருப்பில்லாமல் திரும்பி வந்த
ரொட்டிக்கடைக்காரரைப் பற்றியது.
"அத எழுதினா பையன்மாருக்க மனசு ஒடஞ்சு போவும்"
என்கிறீர்கள்.
ஒரு பிள்ளை எண்ணி முடிக்கட்டும் என்று
விசையில் விரலோடு நின்ற மனசு
என் பத்தியில் உடையாது, ரசலையன்.
உடைவது வேறொன்று.
அது உடைந்தால் நீங்களும் அழமாட்டீர்கள்.

கடைசியாக, அடித்துவிட்ட அந்த ஒரு வரி.
நீல மையின் மேல் கறுப்பு மை, மூன்று தடவை.
விளக்குக்கு நேரே பிடித்தால் எழுத்து தெரிகிறது.
பிடித்தேன், மன்னியுங்கள்.
'தப்பினவன் அடுத்த மாசம்' என்று தொடங்குகிறது.
அதற்கப்புறம் ஒரு பாலத்தின் பெயர்,
ஒரு எண்.

அந்த எண்ணை நான் எந்த அறிக்கையிலும் தேடவில்லை.
தேடினால் கிடைக்கும்.
கிடைத்தால் என் பழைய சொல் சரியென்று
யாராவது சொல்லக்கூடும்.
நானே சொல்லக்கூடும்.

சனிக்கிழமை கருங்கல் பேருந்தில் வருகிறேன்.
அந்த வரியைச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்,
குறிப்பேடு கொண்டுவர மாட்டேன்.
சொல்லாவிட்டால் சாயா குடிப்போம்.
மழையால் வெட்டு நின்றுபோனதையும்
ஷீட் விலையையும் பேசுவோம்.
கீழ்க்கடையில் தினமும் எழுதிப்போடுகிறார்கள்,
தினமும் பார்த்தபடிதான் படியேறுகிறேன்.
இருந்தாலும் நான் சொல்லும் விலை
தப்பாகத்தான் இருக்கும்.
திருத்துங்கள்.