இரண்டு வெள்ளிக் கோப்பை

இரவு வேலை முடிந்து
தொழிற்சாலைப் பேருந்து என்னை ஜாவி முச்சந்தியில்
துப்பிவிட்டுப் போனதும்
வீட்டுக்குப் போவதில்லை, ஞாயிறுகளில்.

செம்பனை மரங்கள் முடியுமிடத்தில் ஒரு பந்துத் திடல்.
கோல் கம்பத்தில் இருபது பத்தேக் கைலிகள் தொங்குகின்றன.
காற்று மட்டும் தடுப்பாரின்றி
கோல் போட்டுக்கொண்டே இருக்கிறது.

ஆளுக்கொரு நீலத் தார்ப்பாய்.
ஒன்றில் டுரியான் வடிவத்தில் சுவர்க்கடிகாரம்.
உடம்பெல்லாம் முள்,
மணி காட்டும் முள்ளை மட்டும் காணோம்.
ஒன்றில் பலகையில் அறைந்த ரப்பர் மீன்,
பொத்தானை அழுத்தினால் பாடுமாம்.
அழுத்தினேன்.
இருமியது.

பூப்பந்து, இரட்டையர், இரண்டாம் பரிசு:
ஏழு கேடயங்கள், ஏழும் ஒரே ஆளுடையவை.
அந்த முதல் பரிசுக்காரர் யாரென்று
பார்த்ததே இல்லாமல் எனக்குக் கோபம் வந்தது.

தங்கநிறப் பூனை ஒன்று.
வா, வா என்று அழைக்கவேண்டிய கை
ஸ்பிரிங் தளர்ந்து பக்கவாட்டில் ஆடுகிறது
கடன் கேட்டவனைக் கண்ட மளிகைக்கடைக்காரர் போல.

ஒளிவட்டத்துக்கு வயர் இழுத்த பிள்ளையார் பக்கத்தில்
பாவாடை கட்டிய வெள்ளைக்காரப் பொம்மை,
மண்டையில் மூன்று ஓட்டை, மிளகுத்தூளுக்கு.
இருவரும் ஒரே விலை. ஐந்து வெள்ளி.
வெள்ளைக்காரனுக்குப் பேரம் பேசலாம்,
பிள்ளையாருக்கு எப்படி,
அவர் காதோ அத்தனை பெரிது.

கோக் பெங் தார்ப்பாயில்
பிஸ்கட் டின் நிறையச் சாவிகள்.
எந்தப் பூட்டுக்கு, என்றேன்.
"பூட்டு அடுத்த வாரம் வரும் லா, தங்காச்சி."

அங்கேதான் இருந்தது அது.
கறுப்புக் கோப்பை. பூவில்லை, எழுத்தில்லை,
காது உடையவில்லை.
அந்தத் திடலிலேயே
வெட்கப்பட ஒன்றுமில்லாத ஒரே பொருள்.
ஒன்று ஐம்பதுக்குக் கேட்டேன்.
"இரண்டு. உள்ளே ஆள் இருக்கு."
அவருடைய தமிழ்தான் தடுமாறுகிறது என்று நினைத்து
இரண்டு வெள்ளி கொடுத்தேன்.

அறையில், கொதிக்கக் கொதிக்கத் தேநீர் ஊற்றினேன்.
அடியிலிருந்து கறுப்பு கரைந்தது.
முதலில் ஒரு ஜோடி ரப்பர் காலணி,
அப்புறம் இரண்டு கைகள் ஏந்திய
கைக்குழந்தை அளவுக் கெளுத்தி மீன்,
அப்புறம் மீசை,
அப்புறம் சிரிப்பு, அதில் ஒரு தங்கப் பல்.
மேலே வளைவாக எழுத்து:
சிலாமாட் பெர்சாரா, என்சே ஜமாலுடின்.
தண்ணீர் வாரியம், முப்பத்தொரு ஆண்டு.

உழைத்ததும் தண்ணீருக்கு,
இப்போது வருவதும் தண்ணீர் ஊற்றினால்தான்.

யார் விற்றிருப்பார்கள் இவரை?
வீடு மாறிய மருமகளா,
இல்லை, காலையில் எழுந்ததும் தன் முகத்திலேயே
விழித்து விழித்துச் சலித்து
அவரே கொண்டுபோய்ப் போட்டாரா?
உயிரோடு இருக்கிறாரா என்பதை
மீனின் வாயும் சொல்லவில்லை.

பாதி குடித்தபோது மீசை கறுத்தது.
பிறகு மீன்.
ஆள் போன பிறகும்
காலணிகள் மட்டும் வாசலில் நிற்பதுபோல் நின்றன
கொஞ்ச நேரம்.
இந்த அறை வாசலில்
என் செருப்பு தவிர வேறெதுவும் நின்றதில்லை.

அன்றுமுதல் ஒரு பழக்கம்:
சீருடை மாற்றும் முன்
கோப்பை ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

அடுத்த ஞாயிறு பூட்டுகள் வரவில்லை.
கோக் பெங் தலை நிமிராமலே கேட்டார்,
"ஆள் எப்படி?"

நல்லா இருக்கார், என்றேன்.
சீனியைக் குறைக்கச் சொல்கிறார்.