ரெண்டு ஊசி

அம்பை ஆஸ்பத்திரிச் சீட்டின் மேல்மூலையில்
சிவப்பு மையில் ஒரு கூட்டல் குறி.
வலியில் நான் என்னவென்று கேட்கவில்லை.

ஜெபராணி சிஸ்டர் வெளியே போய் அவரிடம் சொன்னாவ:
"பிள்ளை பிறந்து பன்னெண்டு மணி நேரத்துக்குள்ள
இந்த மருந்து வேணும். இங்க ஸ்டாக் இல்ல.
ஐகிரவுண்டுக்குப் போங்க. ஐஸ்ல வச்சுக் கொண்டாங்க."

டீக்கடைப் பிளாஸ்கில் ஐஸ்கட்டி நிரப்பி
வண்டியை முறுக்கினார் பூலுடையார்.
திரும்பும்போது சேரன்மகாதேவி கேட்
அன்றைக்கென்று அடைத்துக் கிடந்ததாம்.

நாலு மணிக்குப் பிறந்தான்,
என் ரத்தத்தில் குளித்து.
பத்து மாசமும் பெரும்பாலும் ஒதுங்கி நிற்பது
அந்தக் குளிப்பில்தான் பிள்ளையின் கையைப் பிடிக்குமாம்.
பிறந்த கையோடு ஒரு தொடையில் தடுப்பூசி.
ஒன்பதரைக்குப் பிளாஸ்க் வந்ததும்
மறு தொடையில் இன்னொன்று.
"பால் குடுக்கலாமா?"
"தாராளமா குடு. பாலால வராது."
நாத்தனார் மட்டும்
என் டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்தாள்.

எங்கிருந்து வந்தது உனக்கு?
எல்லாரும் கேட்டார்கள்,
ஆளுக்கொரு குரலில்.
அவருக்கு எடுத்துப் பார்த்ததில் இல்லை,
அதனால் இன்னும் கூர்மையாக.
எனக்கென்ன தெரியும்?
காது குத்திய முள்ளா,
சாஸ்தா கோயிலில் ஒரே கத்தியில்
பதினோரு பிள்ளைகளுக்கு அடித்த மொட்டையா,
கம்பவுண்டர் கொதிக்கவைக்க மறந்த ஊசியா,
இல்லை, என்னைப் பெத்தவளும்
தெரியாமலே தந்துவிட்டுப் போனாளா?

"மூத்ததையும் கூட்டிட்டு வாம்மா" என்றார் டாக்டர்.

கனிஷ்கா ஷேர் ஆட்டோவில் பிறந்தவள்,
வீரவநல்லூர் தாண்டி, மழையில்.
மூன்றாம் நாள்தான் ஊசிக்குப் போனோம்.
என் ரத்தத்தை அன்று யாரும் கேட்கவில்லை.

அவள் சீட்டிலும் அதே கூட்டல் குறி.
கண்ணில் மஞ்சள் இல்லை, காய்ச்சல் இல்லை.
பால்வாடியில் சுண்டலுக்கு முதல் ஆளாக நிற்கிறாள்.
ஆறு மாசத்துக்கு ஒருதரம் ஈரல் பார்க்கணுமாம்,
அவள் கிழவியாகும் வரைக்கும்.
தனி பிரஷ், தனி நகவெட்டி
வாங்கி ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

நேற்று தம்பியின் தொடையைத் தடவிக்கொண்டே கேட்டாள்:
"இவனுக்கு மட்டும் ரெண்டு ஊசி.
எனக்கு ஏம்மா போடல?"

பீடித்தட்டை மடிக்கு இழுத்தேன்.
இருபத்தைந்து எண்ணிக் கட்டிய கட்டில்
சாயங்காலம் கடைக்காரர் பிரித்தபோது
இருபத்தெட்டு இருந்தது.